கையெழுத்துக்கு மேலே ஒரு வரி

அன்று காலை முதல் வேலையாகப் பாடசாலைக்குக் கட்டும் சேலையை இஸ்திரி போட்டேன். பாதியில் தொலைபேசி ஒலித்தது. ஸ்டெல்லா டீச்சரின் கணவர். “விடியக்காலை நெஞ்சு வலின்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள போயிட்டாங்க டீச்சர்.”

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஒன்பது ஆண்டுகள் எனக்கும் ஸ்டெல்லா டீச்சருக்கும் அடுத்தடுத்த வகுப்பறைகள். அவர் சிரித்தால் என் பிள்ளைகளும் சிரிப்பார்கள்.

அவருடைய உயர்தர வகுப்பு மாணவி காவ்யா, ஒருமுறை சுவர்ப் பத்திரிகையில் எழுதினாள்: ‘கழிவறையில் தண்ணீர் இல்லை. இடைவேளையில் லயத்து வீடுகளுக்கு ஓடுகிறோம்.’ பாடசாலை அதிபர் தாளைக் கிழித்தார். அவளை வகுப்புக்கு வரவேண்டாம் என்றார். பரீட்சைக்கு மூன்று மாதமே இருந்தது. வழக்கம்போல் நடந்ததைச் சம்பவப் புத்தகத்தில் எழுதி, வகுப்பாசிரியரான ஸ்டெல்லா டீச்சரையும் பத்திரிகைக்குப் பொறுப்பான என்னையும் கையெழுத்திடச் சொன்னார். நான் இட்டேன். ஸ்டெல்லா டீச்சரோ, ‘எனக்கு இதில் உடன்பாடில்லை’ என்று ஒரு வரி எழுதி, அதன் கீழே கையெழுத்திட்டார்.

வெளியே வந்ததும், “உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குங்க டீச்சர். மேல ஒரு வரி இருந்தா இன்னும் அழகா இருந்திருக்கும்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காவ்யாவின் அப்பா அடிப்படை உரிமை வழக்குப் போட்டார். அவள் அடங்காமல் நடந்ததற்கே தண்டனை என்றது அதிபர் தரப்பு. டீச்சர் வழக்கறிஞரிடம் சொன்னார்: “அந்தப் புத்தகத்தக் கேளுங்க சேர். எங்க அதிபர் தும்முனாலும் அதுல எழுதிருவாரு.”

புத்தகம் கொழும்புக்குப் போனது. ‘பாடசாலைக் குறையைச் சுவரில் எழுதியமைக்காக’ என்று அதிபரின் கையாலேயே எழுதியிருந்தது! அதன் கீழிருந்த டீச்சரின் வரியையும் நீதிமன்றத்தில் வாசித்தார்கள். அன்று மதியம் டீச்சர் கொழும்பிலிருந்து அழைத்தார், பின்னால் பஸ் ஹாரன்கள். “டீச்சர்! இடைக்கால உத்தரவு கெடச்சிருச்சு! புள்ள நாளைக்கே ஸ்கூலுக்கு வரலாம்! கேக்குதா?” நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பே எழுந்து நின்றது.

அடுத்த ஆண்டு அவருக்குக் கந்தப்பளைக்கு இடமாற்றம். “அங்க மரக்கறி மலிவுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது சுவர்ப் பத்திரிகைக்குக் கண்ணாடிக் கதவும் பூட்டும் உண்டு. சாவி என்னிடம். அதிபர் ஒப்பமிட்டதை மட்டும் ஒட்டுகிறேன். ஆசிரியர் இல்லாத கணித வகுப்பைப் பற்றி ஒரு மாணவி எழுதியதைச் சென்ற வாரம் அதிபர் ஒப்பமிடாமல் திருப்பித் தந்தார். அது என் கைப்பையிலேயே இருக்கிறது.

நேற்று தூறலில் டீச்சரின் பெட்டியை இறக்கினார்கள். ஒரு பிடி மண் போட்டேன். மற்றக் கையில் அந்தச் சாவியை இறுகப் பிடித்திருந்தேன்.

போய் வாங்க டீச்சர். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை பூட்டைத் திறந்து அந்த மாணவி எழுதியதை ஒட்டப்போகிறேன். சம்பவப் புத்தகத்தை நீட்டுவார்கள். கையெழுத்திடுவேன், ஒரு வரி எழுதிய பிறகு.