பலகையில் வரைந்த எரிமலை

பாண்டீஸ்வரி அக்கா இறந்துபோன செய்தியை அவருடைய தம்பி முருகன்தான் எனக்குச் சொன்னார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "டீச்சர், அக்கா போயிட்டாக. தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருச்சாம். அங்கனயே, தீவுலயே எரிச்சுட்டாக" என்றார். அழுது ஓய்ந்த குரல். நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். அவர் போனை வைக்கவில்லை. "அஞ்சலி போஸ்டர் அடிக்கக் கடையில நிக்கிறேன். பேருக்குக் கீழ என்ன போடன்னு கேக்குறாக. நீங்கதான அங்க போய்ப் பாத்துட்டு வந்தீக. என்ன போடட்டும்?"

"பேர் மட்டும் போடுங்க, போதும்" என்றேன்.

மறுநாள் தேனி பேருந்து நிலையச் சுவரில் அந்தப் போஸ்டரைப் பார்த்தேன். படம், பெயர், அதன் கீழே ஒரு விரற்கடை வெற்றிடம். அந்த வெற்றிடம் என்னால் வந்தது. எப்படி வந்தது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நம் கல்லூரி மலரில் இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் புவியியல் படித்தவர்கள். நான் பொருளியல். எனக்கு நிரந்தரப் பணி, அவர் பதினாறு வருடமும் கௌரவ விரிவுரையாளர். மயிலாடும்பாறையிலிருந்து முதல் பேருந்தில் வந்து, சேலையிலிருந்து புழுதியைத் தட்டிவிட்டு, வண்ணச் சுண்ணக்கட்டிகளுடன் வகுப்புக்குள் போவார். என் வகுப்பும் அவர் வகுப்பும் அடுத்தடுத்த அறைகள். அவர் எரிமலைப் பாடம் நடத்தும் நாளில் என் மாணவிகளின் காதுகள் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடும். முதலில் ஒரு மலையை வரைவார். "சரி, இப்ப உள்ள போவோம்" என்பார். பிறகு மலையை இரண்டாகப் பிளந்து, அடியிலிருந்து உச்சி வரை சிவப்புச் சுண்ணத்தால் ஒரே இழுப்பு. அந்த இழுப்பில் வகுப்பே "ஓ" என்று கத்தும்.

நிரந்தரப் பணிக்கான பட்டியல் வந்தபோது அதில் அவர் பெயர் இல்லை. அந்த ஆண்டே, இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சு ஆட்சியில் உள்ள ரீயூனியன் தீவில் ஒரு கோயில் சங்கம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறது என்று யாரோ சொல்ல, கிளம்பிவிட்டார். "எரிமலை இருக்குற ஊராம்த்தா. மத்தத கேக்கவே மறந்துட்டேன்" என்று சிரித்தார். இரண்டு வருடத்தில் பிள்ளைகள் குறைந்து வகுப்பு நின்றுபோனது. அவர் திரும்பவில்லை. "இங்கனயே ஒரு வேலை பாத்துக்கிட்டேன்" என்று போனில் சொன்னார். என்ன வேலை என்று நம்மில் யாரும் கேட்கவில்லை. முருகன் தன் மூத்த மகள் கல்யாணப் பத்திரிகையில் அக்கா பெயருக்குக் கீழ் "பேராசிரியர், ரீயூனியன் தீவு" என்று அச்சடித்தார். அது அவராகப் போட்டது. அக்கா போடச் சொல்லவில்லை. அதைத் திருத்தவும் இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மே விடுமுறையில் நான் அவரிடம் போனேன். விமான நிலையத்தில் எனக்கென்று ஒரு மழைக்கோட்டோடு நின்றார். முதல் இரண்டு நாட்கள் கடற்கரையோரமாகப் பேருந்தில் சுற்றினோம். ஓரிடத்தில் சாலை, உறைந்த எரிமலைக் குழம்பின் மேலேயே போகிறது. குழம்பு எந்த வருடம் கடலுக்கு ஓடியது என்று ஆங்காங்கே பலகை நட்டிருக்கிறார்கள். அக்கா பலகையைப் பார்க்காமலே வயதைச் சொன்னார். "முதல்ல சாம்பல் நெறத்துல பாசி. அப்பறம் பெரணி. அப்பறந்தான் செடி. இந்தா, இது நான் நம்ம காலேஜ்ல சேந்தப்ப வந்த கல்லு." எதையும் சோதித்துப் பார்க்கும் என் புத்தி சும்மா இருக்குமா? அடுத்த மூன்று இடங்களில் அவரைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு நான் பலகையைப் படித்தேன். மூன்றும் சரி. "பாஸா, ஃபெயிலா?" என்றார் முதுகைக் காட்டியபடியே.

மூன்றாம் நாள் மலைக்கு ஏறினோம். எரிமலை விளிம்புக்கு அருகே ஒரு பயணியர் விடுதி. அதை நடத்தும் அம்மாள் அக்காவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். விடியற்காலையில் கிளம்ப வேண்டும், ஒன்பது மணிக்கு மேல் மேகம் மூடிவிடும் என்று அக்கா சொல்லியிருந்தார். நான் குளிக்காமல் வாசல் தாண்டியதில்லை. அந்தக் குளிரில் வெந்நீர் வரும்வரை காத்திருந்து, தலைக்குக் குளித்து, ஈரம் உலர்த்தி, காப்பியும் குடித்துவிட்டு விளிம்புக்குப் போய் நின்றால், கண் முன்னால் வெள்ளைச் சுவர்.

"மகாராணி குளிச்சு முடிச்சு வர்ற வரைக்கும் மேகம் கையக் கட்டிக்கிட்டு நிக்குமா?" என்றார்.

"நாளைக்காவது தெரியுமாக்கா?"

"குளிக்காம வந்தாத் தெரியும்."

பக்கத்தில் நின்ற வழிகாட்டி இளைஞர்கள் இருவர் அவரிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார்கள். அவர் காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு பதில் சொன்னார். நாளை எப்படி இருக்கும் என்று தினமும் கேட்பார்களாம். "வருசநாட்டு மலையில மேகம் ஏறுறதப் பாத்து வளந்தவளுக்கு இது என்ன பெரிய வித்தையா" என்றார்.

விடுதிக்குத் திரும்பியதும் என்னை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். சற்று நேரத்தில் நான் தண்ணீர் தேடி வெளியே வந்தேன். ஒரு அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அக்கா நீல மேலங்கி அணிந்து படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தார். சுவரில் துடைப்பம் சாய்ந்திருந்தது.

"ஒரு புள்ள இன்னைக்கு வரல. அஞ்சு நிமிசம்த்தா" என்றார். என் முகத்தில் எதைப் படித்தாரோ, விரிப்பை மடித்து வைத்தார். "இதான் என் வேலை. நீ கேக்கல, நான் சொல்லல." பிறகு தலையணைக்கு உறை மாட்டத் தொடங்கினார். அவர் குரலில் கூச்சம் இல்லை. கூச்சம் முழுவதும் எனக்குத்தான் வந்தது.

மறுநாள் குளிக்காமல் போனேன். மேகம் கீழே கிடந்தது. பெரிய வட்டமாகச் சரிந்து இறங்கிய பாறைச் சுவர், அதற்குள் கண்ணுக்கு எட்டும்வரை கருந்தரை, நடுவில் தாழ்ந்து படுத்த ஒரு மலை. கோபுரம் போல ஒன்றை நான் எதிர்பார்த்திருந்தேன். "இதுவா?" என்று கேட்டேன்.

அக்கா குனிந்து, ஒரு குச்சியை எடுத்து, செம்மண் போன்ற அந்த மணலில் நம் வகுப்பறைப் படத்தை வரைந்தார். செங்குத்தான கூம்பு, நடுவில் நேர்க்கோடு. பிறகு செருப்புக் காலால் அதை அழித்தார். அகலமாக, தட்டைக் கவிழ்த்தாற்போல ஒன்றை வரைந்தார். பக்கவாட்டில் இரண்டு மூன்று கீறல்கள் போட்டார். "இந்த மாதிரி தட்டையா கெடக்குறத கேடய எரிமலைன்னு ஒத்த வரியில சொல்லி முடிச்சிருவேன். படம் மட்டும் எப்பவும் கூம்பு. நெருப்பு உச்சியிலதான் வரும்னு இழுத்து விட்டிருவேன். இது அப்பப்ப வெலாவுலதான் பொளந்துக்கிட்டு வருது. பதினாறு வருசம் எம் பிள்ளைகளுக்குத் தப்பாக் காட்டிட்டேன்த்தா." அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். கற்பித்த ஒன்றைப் போய்த் தொட்டுப் பார்த்தவரின் சிரிப்பு அது. என் நிரந்தர வேலை எனக்கு அதைத் தரவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்போது அதைக் குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஊருக்குப் போனா எரிமலையப் பத்திச் சொல்லு. நான் வரஞ்சது தப்புன்னு பிள்ளைககிட்ட சொல்லு" என்றார். வேறெதையும் அவர் என்னிடம் கேட்கவில்லை. மற்றதை மறைக்கச் சொல்லவும் இல்லை.

கல்லூரி திறந்த அன்று தேநீர் இடைவேளையில் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "பாண்டீஸ்வரி எப்படி இருக்காக?" என்று ஒருவர் கேட்டார். "விடுதியில ரூம் கூட்டுறாங்க" என்றேன். எரிமலையைப் பற்றி நான் தொடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. உள்ளதை உள்ளபடி சொல்பவள் என்று என்னைப் பற்றி எனக்கொரு பெருமை உண்டு. அன்று மாலைவரை அந்தப் பெருமையோடுதான் இருந்தேன்.

தேனியிலிருந்து மயிலாடும்பாறைக்கு ஒரு பேச்சு போய்ச் சேரப் பேருந்து தேவையில்லை. முருகனின் இளைய மகள் கல்யாணப் பத்திரிகை வந்தபோது அக்கா பெயர் இருந்தது, கீழே இருந்த வரி இல்லை. கல்யாணத்துக்கு அக்கா வந்திருந்தார். பந்தியில் எனக்கு எதிர் வரிசை. அவர் பக்கத்தில் அமர்ந்த நம் பழைய ஆசிரியை ஒருவர், பரிமாறுபவருக்கும் கேட்கும்படி, "ஏன் பேராசிரியரே, அங்கன எத்தன ரூம் கூட்டுறீக?" என்றார். நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

அக்கா இலையில் சோற்றுக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார். பிறகு கேட்டவரிடம் திரும்பி, "பன்னெண்டு. மலை தெரியுற பக்கம் ஆறு, தெரியாத பக்கம் ஆறு" என்றார். "நீங்க வந்தீகன்னா தெரியுற பக்கம் தாரேன்."

நான் அப்போது பேசியிருக்கலாம். பலகையைப் பார்க்காமல் கல்லின் வயதைச் சொன்னதை, வழிகாட்டிகள் அவர் வாய் பார்த்து நின்றதை அந்தப் பந்தியில் சொல்லியிருக்கலாம். ரசம் வாங்கிக்கொண்டேன்.

அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தீவுக்குத் திரும்பியபின் வாரம் ஒருமுறை மலையைப் படம் எடுத்து அனுப்புவார். கீழே "இன்னைக்குத் தெரியுது", அல்லது "இன்னைக்கு மூடிருச்சு". நான் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாகப் போடுவேன். கடைசிப் படம் அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு வந்தது. அதற்கும் ஒரு கட்டைவிரல்.

நேற்று முருகனை அழைத்தேன். பதினாறாம் நாளுக்கு வைக்கும் படத்தில் பெயருக்குக் கீழே "புவியியல் ஆசிரியை" என்று எழுதச் சொன்னேன். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றார்.

அந்த மழைக்கோட்டு என்னிடம் இருக்கிறது. அந்தப் படங்களும் இருக்கின்றன. அவை எனக்குப் போதும். மூன்று வருடமாக நான் கொடுக்காமல் வைத்திருந்த ஒன்று மட்டும் உங்களுடையது. பாண்டீஸ்வரி டீச்சரிடம் படித்தவர்களே, உங்கள் பழைய நோட்டு எங்காவது கிடந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் இருக்கும் எரிமலையை அழித்துவிட்டு, அகலமாக, தாழ்வாக வரையுங்கள். சிவப்பை உச்சியில் மட்டும் வைக்காதீர்கள், விலாவிலும் வையுங்கள். டீச்சர் நேரில் போய்ப் பார்த்துவிட்டார். திருத்தச் சொல்லியிருக்கிறார்.