நாற்பதைத் தாண்டாத வண்டியில் மலை இறங்கிய கதை

சென்ற தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை திருத்தணிக்குப் போனேன். அக்கா அழைத்தாள், போனேன். பாவா அழைக்கவில்லை. பாவா என்பது அக்காவின் கணவர். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி வைத்து லுங்கி நெய்கிறவர். எந்த விசேஷத்துக்கும் என்னை அவர் நேராகக் கூப்பிட மாட்டார், அக்காவை விட்டுத்தான் சொல்ல வைப்பார். என் மகளின் காதுகுத்தில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, "வாத்தியாருக்கு வேலை போச்சு, வாய் மட்டும் போவல" என்று பந்தியில் சத்தமாகச் சொன்னவர். எல்லோரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

வேலை போனது உண்மைதான். ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் பதினெட்டு வருடம் ஆட்டோமொபைல் பிரிவில் என்ஜின் பாடம் நடத்தினேன். பிறகு என்னிடம் படித்தவனையே என் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கீழே வரும் விஷயம் நான் பாடமாக நடத்தியது. தெரிந்திருந்தும் அதே வண்டியில் உட்கார்ந்து போனேன்.

பாவா பழைய பிக்கப் ஒன்று வாங்கியிருந்தார். அதற்கு மலைமேல் பூசை போட வேண்டும். வண்டி நல்லபடியாக அமைந்தால் மொட்டை போடுவதாக அக்கா வேண்டியிருந்தாள். முதல் லோடை முருகனுக்குக் காட்டிவிட்டுத்தான் வியாபாரிக்கு இறக்குவது என்பது பாவாவின் பிடிவாதம். ஆகவே காலி வண்டியாக இல்லாமல், லுங்கி மூட்டைகளை முழுதாக ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டி வைத்திருந்தார். இப்படி ஏற்றிக்கொண்டு போகும் எண்ணம் உங்களுக்கும் இருந்தால், தயவுசெய்து இங்கேயே அதைக் கைவிடுங்கள்.

அம்பத்தூரிலிருந்து காலை முதல் ரயிலைப் பிடித்தால் திருத்தணிக்கு இரண்டு மணி நேரம். டிக்கெட் முப்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். அங்கிருந்து பொதட்டூர்பேட்டைக்கு டவுன் பஸ், ஏறக்குறைய முக்கால் மணி நேரம். ஜன்னலோரத்தில் இடம் பிடித்து வைத்திருந்தேன். ஒருவர் பையை என் மடியில் வைத்துவிட்டு நன்றிகூடச் சொல்லாமல் இறங்கிப் போனார். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அக்கா வாசலில் நின்றிருந்தாள். பாவா வண்டியின் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் பேசினார்.

"மச்சான், முன்னாடி ஏறிக்க. உங்க அக்கா மூட்டை மேல குந்திக்கும். அதுக்குக் காத்து வேணுமாம்."

சரக்கு வண்டியில் பின்னால் ஆள் ஏற்றக் கூடாது என்றேன். அக்காவே என் தோளைப் பிடித்து முன் இருக்கைக்குள் தள்ளினாள். "உனுக்குத்தான்டா முதுகு வலி. எனுக்கு இன்னா?"

வண்டி முன்பு ஒரு தொழிற்சாலை வளாகத்துக்குள் மட்டும் ஓடியதாம். அங்கே வேகம் போகக் கூடாது என்று கவர்னரை நாற்பதில் பூட்டியிருக்கிறார்கள். கவர்னர் என்பது வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. குறித்த வேகத்தைத் தொட்டதும் என்ஜினுக்குப் போகும் டீசலைக் குறைத்துவிடும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறாது. நாற்பதில் பூட்டிய வண்டியை யாரும் சீண்டவில்லை. பாவா அதற்காகவே வாங்கியிருக்கிறார்.

"பாத்தியா? கடைசி வரைக்கும் மிதிச்சிகினுதான் கீறேன். நாப்பது. அதுக்கு மேல ஒரு பொட்டு போவாது" என்று முள்ளைக் காட்டினார். "எண்பது நூறு போற வண்டியெல்லாம் வந்துது நைனா. வேணாம்னுட்டேன். உங்க அக்காவுக்கு வேகம்னா பயம். இத்துல ஏத்திகினு எங்க வேணா போலாம். நாம மறந்தாலும் அது மறக்காது."

"பாவா, அது டீசலைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்தாது."

"ஆரம்பிச்சிட்டான்யா. தோ, கிளாஸுக்கு ஸ்லேட்டு எடுத்துகினு வர்ல நானு."

சமதளத்திலேயே எனக்குப் பயம் தொடங்கிவிட்டது. நாற்பதில் போகிற வண்டிக்குப் பின்னால் ஜல்லி லாரிகள் வரிசை கட்டின. ஒவ்வொன்றும் வந்து முட்டுகிற மாதிரி நெருங்கி ஹாரன் அடித்து, எதிரே பஸ் வருவதையும் பார்க்காமல் ஒதுங்கித் தாண்டியது. நான் திரும்பி கேபினின் பின் கண்ணாடி வழியே பார்த்தேன். மூட்டைகளுக்கும் கேபினுக்கும் நடுவிலிருந்த பள்ளத்தில், கயிற்றைப் பிடித்தபடி அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்குப் பின்னால் லாரியின் முகப்பு. கே.ஜி.கண்டிகையில் டீ குடிக்க நிறுத்தினோம். நான் கிளாஸைத் தொடாமல், அக்கா பிடித்திருந்த கயிற்றின் முடிச்சைப் போய் இழுத்துப் பார்த்தேன். டீ சூடு என்று சமாளித்தேன்.

மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறும் சாலை. நடக்க முடிந்தவர்கள் படிகளில் ஏறலாம், அதுவே மேல். வண்டிக்கு அடிவாரத்தில் நுழைவுக் கட்டணம் உண்டு, அவ்வப்போது மாறுகிறது. ஏற்றத்தில் பாவா முதல் கியரை விடவே இல்லை. மிதித்த மிதியில் என்ஜின் கத்திக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் டக் டக்கென்று திணறியது. அது இன்னொரு கட்டுப்பாடு. என்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றாமல் அதன் கம்ப்யூட்டரே டீசலை வெட்டி வெட்டிக் கொடுக்கும். பாவாவின் முகத்தில் சாமியையே பார்த்த மகிழ்ச்சி.

"பாரு, அதுக்கே தெரியுது மச்சான்! எது தாங்கும், எது தாங்காதுன்னு அதுக்கே தெரியுது!"

மேலே அக்கா மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் பூசிய தலையோடு வந்தாள். தரிசனத்துக்கு ஒன்றரை மணி நேரம். கிருத்திகை நாளில் போனால் அரை நாள் போய்விடும். பிறகு வண்டிக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பாவா கண்ணை மூடிக் கும்பிட்டார். எனக்கு மட்டும் கண் மூட முடியவில்லை. முன் சக்கரத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேக் தகட்டில் ஆழமான கோடுகள். பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று கேட்டேன். பாவா குனிந்து எலுமிச்சம்பழத்தை நேராக நகர்த்தி வைத்தார்.

"பாவா, இறங்கும்போது ரெண்டாவது கியர்ல..." என்று தொடங்கினேன். அக்கா என் வாயைப் பொத்தாத குறைதான்.

"டேய், இப்பதான்டா கற்பூரம் அணைஞ்சுது. மாலை ஈரம்கூடக் காயல. எறக்கம், பிரேக்குனு அபசகுனமா பேசாத. உன் வாயில நல்லதே வராதா?"

யார் சொல்லியிருந்தாலும் எதிர்த்துப் பேசியிருப்பேன். அக்கா சொன்னாள். வாயை மூடிக்கொண்டு ஏறினேன். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி கிளம்பியது.

இறக்கம் தொடங்கியதும் பாவா கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். "எறக்கத்துல எதுக்கு டீசல் வேஸ்ட்டு?" பிரேக்கிலிருந்தும் காலை எடுத்துக்கொண்டார். நாற்பதில் அதுவே நின்றுகொள்ளுமாம், பிரேக் கட்டை எதற்குத் தேய வேண்டும் என்பது அவர் கணக்கு.

முள் இருபதைக் கடந்தது. முப்பது. மூட்டைகளின் கனம் பின்னாலிருந்து தள்ளுவதை முதுகில் உணர்ந்தேன். முப்பத்தெட்டில் பாவா முள்ளைப் பார்த்துச் சிரித்தார். தெரிந்தவர் ஒருவரை வரவேற்கிற சிரிப்பு. நாற்பது. நாற்பத்து நான்கு.

சிரிப்பு நின்றது. "நாப்பது தாண்டாதே" என்றார்.

நாற்பத்தெட்டு. "தாண்டாதே மச்சான் இது."

"பிரேக்கை மிதிங்க பாவா!"

மிதித்தார். கொஞ்சம் பிடித்தது. ஒரு வளைவைத் தாண்டினோம். மூட்டைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்த சத்தம் கேட்டது. அடுத்த இறக்கத்தில் மறுபடி வேகம். அவர் காலை எடுக்காமல் அழுத்தினார். கருகிய வாடை வந்தது. பழைய பிரேக் ஆயில் சூட்டில் கொதித்தால் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும் என்று எத்தனை பேருக்குப் பலகையில் எழுதிப் போட்டிருப்பேன். என் கண்முன்னால் பாவாவின் கால் தரை வரை போனது. வண்டி குறையவில்லை. முள் ஐம்பத்திரண்டில் இருந்தது. அவரோ சாலையைப் பார்க்கவில்லை, முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நம்பிய ஆள் முகத்துக்கு நேராகப் பொய் சொன்னால் எப்படிப் பார்ப்போமோ, அப்படி.

பின்னால் கண்ணாடியில் படபடவென்று அடிக்கும் சத்தம். அக்காவின் உள்ளங்கை. சந்தனத் தலை இடமும் வலமும் போய் வந்தது. அவள் ஏதோ கத்தினாள், கேட்கவில்லை. அந்த வாய் அசைவு இன்றும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

"ரோட்டைப் பாருங்க! கிளட்ச்! மூணாவது போடுங்க!"

அவர் கைக்கு அகப்பட்டது இரண்டாவது. நறநறவென்று பல் கடித்து உள்ளே விழுந்தது. கிளட்சை விட்டதும் என்ஜின் போட்ட கூச்சலை நான் எந்த ஆய்வகத்திலும் கேட்டதில்லை. என்ஜின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி எங்கோ போய் நின்றது. ஏற்றத்தில் திணறிக் காட்டிய கட்டுப்பாடு இப்போது ஒன்றும் செய்யவில்லை. அதனால் செய்யவும் முடியாது. அதற்குத் தெரிந்தது டீசலை வெட்டுவது ஒன்றுதான். இப்போது என்ஜினைச் சுற்றியது டீசல் அல்ல, மலையிலிருந்து இறங்கும் சக்கரங்கள்.

ஆனால் அந்தக் கூச்சல்தான் வேகத்தைத் தின்றது. முப்பதுக்கு வந்ததும் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். மலைப்பக்கம் அப்போது எங்களுக்கு இடது கையில் இருந்தது. மறுபக்கமாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. பாவா ஸ்டீயரிங்கை ஒடித்தார். இடது சக்கரங்கள் மண் நிறைந்த மழைநீர்க் கால்வாயில் இறங்கின. என் பக்கத்துக் கதவைப் பாறை உரசிக்கொண்டே வந்து, கண்ணாடியை உடைத்து, நின்றது.

பிறகு அக்கா இறங்கி வந்தாள். கயிறு அறுத்து இரண்டு உள்ளங்கையிலும் ரத்தம். "இன்னாய்யா ஆச்சு?"

பாவா பள்ளிக்கூடப் பையன் புகார் சொல்வது போலச் சொன்னார். "நாப்பது தாண்டிச்சிடி."

அடிவாரத்திலிருந்து ரஹீம் பாய் என்ற மெக்கானிக்கை வரவழைத்தோம். தள்ளிவிட ஆட்டோக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். மூட்டைகளை இறக்கி, வண்டியை மேலேற்றி, பிரேக் ஆயில் மாற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியே எடுக்க மூன்று மணி நேரம் ஆனது.

"கழட்டிடு பாய் அந்தக் கவர்னர. ஏமாத்திடுச்சு" என்றார் பாவா.

"அது இன்னா பண்ணும்? அது டீசலத்தான் நிறுத்தும், வண்டிய நிறுத்தாது. கழட்டினா எஃப்.சி. சர்டிபிகேட்டும் கெடைக்காது."

"ஆங். கரெக்ட்டு பாய்" என்று பாவா தலையாட்டினார்.

நான் காலையில் சொன்ன அதே வாக்கியம். ஒரு சொல்கூட மாறவில்லை. நான் யாரையும் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூட்டைகளை வேறு வண்டியில் அனுப்பிவிட்டு, ரயில் நிலையத்தில் என்னை இறக்கினார்கள். அக்கா முன் இருக்கையில் இருந்தாள். வண்டி மேடு பள்ளமே இல்லாத சாலையில் போனது. பின்னால் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. தெருமுனையில் திரும்பும் வரை அணையவில்லை.

இனி போகிறவர்களுக்கு. பழைய பிக்கப் வாங்கினால் கவர்னர் எத்தனையில் பூட்டியிருக்கிறது என்று கேளுங்கள், அதைவிட முக்கியமாகப் பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். பூசைக்குக் காலி வண்டியாகப் போங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். பின்னால் ஆள் வேண்டாம். இறக்கத்தில் நியூட்ரல் கூடாது, என்ஜினை அணைக்கவும் கூடாது. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், வேகம் பிடித்த பிறகு குறைத்தால் கியர் பல்லோ என்ஜினோ போகும். சமதளத்தில் நாற்பதில் பூட்டிய வண்டி என்றால் இடது ஓரத்தை விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் உங்களுக்குப் பிடிக்காதவனாக இருந்தாலும், பிரேக்கைப் பற்றிப் பேசினால் ஒருமுறை காது கொடுங்கள்.

எனக்கு இன்னும் சரியாகத் தூக்கம் இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. போன வாரம் அக்கா போன் செய்தாள். கை ஆறிவிட்டதாம். மறுநாள் ஆர்.கே.பேட்டைக்கு லோடு போகிறார்களாம்.

"உங்க பாவா ஒண்ணு கேக்கச் சொன்னாரு. வழியில அந்த ஏரிக்கரை கீதே, அந்த எறக்கத்துல எந்த கியர்ல வர்றதுன்னு."

"பக்கத்துலதான கீறாரு? அவரையே கேக்கச் சொல்லு."

போனை அவர் பக்கம் நீட்டியிருப்பாள் போல, தறிச் சத்தம் பெரிதாகி மறுபடி குறைந்தது. "கேக்க மாட்டாராம்டா."

அவரே கேட்டால்தான் சொல்வேன் என்று போனை வைத்துவிட நினைத்தேன். அப்புறம் அந்தக் கண்ணாடியில் அடித்த உள்ளங்கை ஞாபகம் வந்தது.

"நீயும் போறியா?"

"ஆங். முன்னாடிதான்."

அப்போது பின்னாலிருந்து அவர் குரல் மெதுவாகக் கேட்டது. "ரெண்டாவதா மூணாவதா, சரியா கேளுடி."

"ரெண்டாவது" என்றேன், அவர் காதில் விழுகிற அளவுக்கு உரக்க.