ஐஸ்பெட்டியில் வைத்த எண்ணெய் ஊசி

எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு மருந்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கோழிப்பண்ணையில் தெரிந்துகொண்டதுதான். நாமக்கல் பக்கம் நானும் வீட்டுக்காரரும் வேலை பார்க்கும் பண்ணையில், குஞ்சுகளுக்குப் போடும் தடுப்பூசி மருந்து ஐஸை விட்டு வெளியே இருந்தால் வீண். அதனால் சேலத்து ஆஸ்பத்திரியில் ஹார்மோன் ஊசி மருந்தை வாங்கியதும், பஸ் ஏறும் முன்பே பண்ணைப் பெட்டியில் ஐஸ் நிரப்பி அதற்குள் புதைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் உருவாக்கி உறைய வைத்திருந்த எங்கள் கருவை வயிற்றில் வைப்பதற்கு முன்னும் பின்னும் போட வேண்டிய ஊசி அது. கரு ஒட்டிக்கொள்ள கருப்பையைத் தயார் செய்யும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

முதல் ஊசி போட வந்த பக்கத்துத் தெரு நர்ஸ், குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஏனுங்க்கா, உங்க கோழிக்கா போடப் போறோம்? எண்ணெய் மருந்துங்க இது. ஐஸ்ல வெச்சா நெய்யாட்டம் உறையாதுங்களா?”

“ஐயோ, கெட்டுப் போச்சுங்களா சிஸ்டர்?”

“விட்டா இந்தப் புள்ள என்னையும் ஐஸ்ல வெச்சுருமுங்க. பொட்டிதான் பத்தல” என்றார் வீட்டுக்காரர். சொல்லிக்கொண்டே வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு புது மருந்து வாங்கக் கிளம்பிவிட்டார்.

கருவை வைத்துவிட்டு வந்த பிறகு தும்மவும் பயந்தேன். மல்லசமுத்திரம் ரோட்டில் பஸ் குலுங்கியபோது இரண்டு கையாலும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டேன். நடந்தாலும் தும்மினாலும் அது விழுந்துவிடாது என்று டாக்டரம்மா சொல்லித்தான் இருந்தார். கேட்கிறதா மனது? சாயங்காலம் எப்போது வரும், நர்ஸ் எப்போது வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கெட்டி மருந்து வலியோடு உள்ளே இறங்கும்போது மட்டும் கொஞ்சம் தைரியமாக இருக்கும்.

பிறகு மார்பு கனத்து வலித்தது. கோழித்தீவன வாசனை குமட்டியது. நர்ஸிடம் ஆசையாகச் சொன்னேன்.

அவர் ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் தேய்த்துவிட்டார். “இருந்தா நல்லதுதானுங்க்கா. ஆனா இந்த ஊசியே அப்படிப் பண்ணும். ரத்தம் பாத்தாத்தான் தெரியும்.”

எது மருந்து, எது குழந்தை என்று என் உடம்புக்கே தெரியவில்லை. நான் குழந்தை என்றே வைத்துக்கொண்டேன். குளிக்கும்போது அந்த வலியை விரலால் தொட்டுப் பார்ப்பேன். இருந்தால் சந்தோஷம்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, “இந்தத் தடவை ஒட்டலம்மா. ஊசியை நிறுத்திடலாம்” என்றார்.

“ஒருவேளை நாள் போய் ஒட்டுமுங்களா? இன்னும் கொஞ்ச நாள் போட்டுக்கட்டுங்களா?”

“போட்டாலும் இனிப் பிரயோஜனம் இல்லம்மா.”

வீட்டுக்காரர் பஸ்ஸில் என் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “பசிக்குதா?” என்று மட்டும் கேட்டார்.

ஊசியை நிறுத்திய பிறகும் மார்பில் அந்தக் கனம் சில நாள் இருந்தது. ஒவ்வொரு காலையிலும் கண் திறக்கும் முன் தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் வலிக்கட்டுமே என்று கிடந்தேன்.