காளையின் வலப்பக்கம்

"நில்லுடா! மூக்கச் சொறியறதுக்கு உனக்கு இப்பத்தான் நேரம் கெடச்சுதா?" என்று அதட்டி, கம்பிக் காளையின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள் பஜாபிலே. கம்பியாலும் பாசிமணியாலும் ஆன காளை எங்கே போய் மூக்கைச் சொறியும்? ஆனால் திட்டாமல் அவளுக்கு வேலை ஓடாது. கோழி செய்தால் கோழியை விரட்டுவாள். ஆடு செய்தால் அதன் ஏழு தலைமுறையையும் வம்புக்கு இழுப்பாள்.

ம்சிங்கா பள்ளத்தாக்கில் கல்யாணமென்றால் பாசிக் கழுத்துப்பட்டைக்கு அவளிடம்தான் வந்து நிற்பார்கள். எந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் எந்தப் பச்சை இருந்தால் போட்டிருப்பவள் எந்த ஊர்ப் பெண் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். பட்டை கோத்து அலுத்துப்போய் அவள் கம்பியை வளைக்க ஆரம்பித்தபோது ஊரே சிரித்தது. இப்போது டர்பன் நகரத்துக் கண்காட்சிக்கூடம் ஒன்று நிஜ மாட்டின் அளவில் காளை கேட்டிருந்தது. மறுநாள் காலை லாரி வருகிறது. அவளுக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும்தான் ஓடியது.

மாதிரிக்கு அவள் எடுத்துக்கொண்டது மாமனார் ம்போங்கேலெனி மஜோசியின் காளையை. நாத்தனாருக்கு மாப்பிள்ளை வீட்டார் பரிசமாக ஓட்டிவந்த மாடு. வெளிறிய தோலில் பழுப்புப் பொட்டு தெளித்த அந்த நிறத்துக்கு 'வானம்பாடி முட்டை' என்று பெயர். திருடனுக்கும் கண்ணேறுக்கும் பயந்து, வந்த நாளிலிருந்து மனிதர் அதைத் தொழுவத்தைவிட்டு வெளியே விடவில்லை. அதுவும் சொகுசு கண்டுகொண்டு, வலப்பக்கத்தைக் கல்சுவரில் சாய்த்தபடியே நின்றது. மருமகள் மாமனாரின் தொழுவத்துக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. குடும்பத்தின் முன்னோர் இருக்குமிடம் அது. வெளியே நின்று எட்டிப் பார்த்தே இடப்பக்கம் முழுவதையும் கோத்து முடித்துவிட்டாள். வலப்பக்கம் இன்னும் வெறுங்கம்பி.

"வலது தொடையில பொட்டு இருக்கா இல்லியா? யாராச்சும் ஒழுங்காச் சொல்லித் தொலைங்களேன்!"

"நெறய இருக்கு" என்றான் கணவன் கேத்தோ.

"ஒண்ணுகூட இல்ல அண்ணி" என்றான் கொழுந்தன் ம்சிகாயிசே. நிரூபிக்கிறேன் பார் என்று உள்ளே போய்க் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு வந்தான். படத்தில் பாதி அவன் கட்டைவிரல், மீதி சுவர்.

"இது காளையா, கல்லா? இத வச்சு நான் வீடா கட்டப்போறேன்?"

"நீயா ஏதாவது போட்டு முடியேன் புள்ள. டர்பன்காரனுக்கு என்ன தெரியப்போகுது?" என்றான் கேத்தோ.

"அவனுக்குத் தெரியாது. அங்க வேல பாக்குற நம்மூரு ஆளுங்க பாக்க வருவாங்கல்ல? 'இந்தப் பக்கம் யாரு வீட்டு மாடு?'ன்னு ஒருத்தன் கேட்டா, மூஞ்சிய நான் எங்க கொண்டுபோயி வச்சுக்க?" என்றாள். அந்தப் பள்ளத்தாக்கில் மாட்டைத் தோலை வைத்தே அடையாளம் சொல்லுவார்கள். அவள் செய்யும் முதல் காளை இது. அதைப் பாதி பொய்யாக லாரியில் ஏற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

சற்றுத் தள்ளி உட்கார்ந்து சோளபீர் குடித்துக்கொண்டிருந்த மாமனார் குடுவையைக் கீழே வைத்தார். எழுந்து போய், தொழுவ வாசலின் குறுக்குக் கட்டைகளை ஒவ்வொன்றாக உருவினார். பிறகு உள்ளே பார்த்து உரக்கச் சொன்னார்: "மஜோசி வம்சத்துப் பெரியவங்களே! மருமக உள்ள வர்றா. வேலையா வர்றா. கோவம் வந்தா எங்கிட்ட வச்சுக்குங்க, அவகிட்ட வேண்டாம்!"

அவர் மருமகள் பக்கம் திரும்பினார். "வா தாயி. எம் மாட்டுல பாதிய மட்டும் ஊருக்குக் காட்டலாம்னு பாத்தியா?"

யாரைத் திட்டினாலும் மாமனாரிடம் மட்டும் குரலை உயர்த்திப் பேசியறியாதவள் பஜாபிலே. மரியாதைக்குத் தோளைச் சுற்றிப் போர்வையை முடிந்துகொண்டாள். செருப்பைக் கழற்றினாள். குனிந்து உள்ளே நுழைந்தாள். காளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு அசைபோட்டது.

சுவருக்கும் காளைக்கும் நடுவே தோளைக் கொடுத்து, மூச்சைப் பிடித்து ஒரு நெட்டு நெட்டினாள். "மாமா, பராக்குப் பாக்காதீங்க! கொம்பப் புடிங்க!"