என் போனில் நான் வைத்த பெயர்

நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் எனக்குப் பேச வாய் வராது. தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரைக்கும் படித்தேன். டீச்சர் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரிந்தாலும் எழுந்து நிற்க மாட்டேன். கடைசி வரைக்கும் அப்படியே இருந்துவிடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் ரயில்வேக்காரர். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் இருந்தோம், அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கிள்ளானில் வீடு வாங்கி வந்துவிட்டோம். ஒரு நாள் காலையில் பசியாறிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், மறுபடி எழுந்திருக்கவே இல்லை. சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டோம். மத்தியானம் ஆகிவிட்டது, மகனும் மகளும் வருகிறவர்களுக்கு வெறும் வயிற்றோடு நாற்காலி போட்டுக்கொண்டு இருந்தார்கள். அப்போது வெளியே ஒரு வேன் வந்து நின்றது. ஒரு பெண் இறங்கி, சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, ரசம், மோர் என்று பாத்திரம் பாத்திரமாக வாசல் கேட்டுக்கு உள்பக்கம் வைத்தார். எல்லாரையும் சாப்பிட வைங்க, பாத்திரம் அவசரமில்லை என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். சாவு வீட்டில் 'போயிட்டு வரேன்' என்று சொல்லக்கூடாது இல்லையா, அதனால் சொல்லாமலே போனார்.

அவர் கிள்ளானில் கேட்டரிங் செய்கிறவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் எல்லாம் எடுத்துச் செய்வார். ஆனால் ஒரு வீட்டில் சாவு என்று காதில் விழுந்தால் போதும், இந்து வீடா கிறிஸ்துவ வீடா என்று கேட்க மாட்டார், காசும் வாங்க மாட்டார், முதல் நாள் சாப்பாடு அவருடையது. ஏன்மா இப்படி என்று பாத்திரம் எடுக்க வந்தபோது கேட்டேன். "பசியோட அழுறது ரொம்பக் கஷ்டம் ஆன்டி" என்றார்.

அவருடைய நம்பரை மகளிடம் கொடுத்து என் போனில் போடச் சொன்னேன். என்ன பேர் போட என்று கேட்டாள். 'சாவு வீட்டுச் சாப்பாடு' என்று போடு, அப்போதுதான் எனக்கு அடையாளம் தெரியும் என்றேன். இதெல்லாம் ஒரு பேராம்மா என்று சிரித்தாள், ஆனாலும் போட்டுக் கொடுத்தாள். என் கண்ணுக்குத் தெரியட்டும் என்று எழுத்தையும் பெரிசாக்கி வைத்தாள்.

அதற்குப் பிறகு எங்கே சாவு என்றாலும் நான்தான் அந்த நம்பரைக் கொடுப்பேன். பின்வீட்டுக் கத்தோலிக்க அக்காவுக்கு, ஜெஞ்சாரோமில் இருக்கும் நாத்தனாருக்கு, கோயிலில் பார்த்தவர்களுக்கு. யாரோடும் பேசத் தெரியாத நான் ஊருக்கு இதையாவது செய்கிறேன் என்று உள்ளுக்குள் பெருமைகூட உண்டு.

மகளுக்கு முப்பத்துநாலு வயதில்தான் வரன் அமைந்தது. மாப்பிள்ளை வீடு செமினியில். கல்யாணத்தில் நான் கேட்டது ஒன்றே ஒன்று, சமையல் அந்தக் கேட்டரிங்காரம்மா செய்ய வேண்டும். மகனும் சரி என்றான்.

தேதி வைக்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்றைக்குத்தான் அவரையும் வரச் சொல்லியிருந்தேன். ருசி பார்க்கக் கேசரியும் வடையும் கொண்டு வருவதாகச் சொன்னார். தாம்பூலத் தட்டுக்குப் பக்கத்தில் என் போன் கிடந்தது. அது அடித்ததும் சம்பந்தியம்மா நல்ல மனசோடு எடுத்து என்னிடம் நீட்டினார். நீட்டின கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"சாவு வீட்டுச் சாப்பாடா?" என்று சத்தமாகவே வாசித்தார்.

வெற்றிலைக்கும் மஞ்சளுக்கும் மேலே அந்த வார்த்தை விழுந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. வாசல் கேட்டு பூட்டியிருக்கிறது என்று சொல்லத்தான் கேட்டரிங்காரம்மா கூப்பிட்டிருக்கிறார். மகன் போய்த் திறந்தான், அவர் கேசரித் தட்டோடு சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

சம்பந்தியம்மா கோபமாகப் பேசவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க லா. சாவு வீட்டுக்கு ஆக்குற கை. நல்ல காரியத்துக்கு வேற ஆளைப் பார்த்துக்கலாமே" என்றார்.

மகன் என்ன சொல்லப் போகிறான் என்று பார்த்தேன். எங்களுக்கும் அது கொஞ்சம் யோசனையாத்தான் இருந்தது என்றான். அவனா சொல்கிறான்? அப்பா போன அன்றைக்கு இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் அவன்.

கேட்டரிங்காரம்மா சம்பந்தி கையிலிருந்த போனைப் பார்த்தார். அந்தப் பெயர் இன்னும் அதில் இருந்தது. அப்புறம் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தட்டை மேசையில் வைத்து, சூடா இருக்கு, சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. கல்யாணத்துக்குத் தேதி வைக்கிற வீட்டிலிருந்து, சாவு வீட்டிலிருந்து போகிற மாதிரி போனார்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறி அவருடைய சமையல் கூடத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வார்த்தையைத் தேடிக்கொண்டு நின்றபோது அவரே, "விடுங்க ஆன்டி, நீங்க மட்டுமா அந்தப் பேர் வச்சிருக்கீங்க?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். கல்யாண ஆர்டர் வருவது நின்று ரொம்ப நாள் ஆகிறதாம். சாவுக்கு அவர் சோற்றைச் சாப்பிட்ட வீடுகளே கல்யாணத்துக்கு வேறு ஆளிடம் போகின்றனவாம். நல்ல சமையல் என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, சாவுக்கு இவரைக் கூப்பிடுங்கள் என்றுதான் சொல்லிக் கொடுக்கிறார்களாம்.

"இப்படியே போனா இந்த இடத்தை மூடணும். மூடிட்டா சாவு வீட்டுக்கு எங்க நின்னு ஆக்குவேன், சொல்லுங்க?"

பக்கத்திலிருந்த அரிசி மூட்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சொல்லிக் கொடுத்தவர்களில் முதல் ஆள் நான். உதவி என்று நினைத்து, வீடு வீடாக அந்தப் பெயரைக் கொண்டு போய்ச் சேர்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாம் சொன்னேன். சம்பந்தியிடம் பேசலாமா, பேசினால் கல்யாணமே நின்றுவிடுமோ என்று கேட்டேன். இத்தனை வருஷம் காத்திருந்த பெண். அவளே சம்பந்தியம்மா நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்து, பேசும்மா என்றாள்.

"சம்பந்தியம்மா, அந்தப் பேரை வச்சது நான். இவ அப்பா போன அன்னிக்கு இவ சாப்பிட்ட சோறு அந்தக் கை ஆக்கினதுதான். அந்தக் கை ஆகாதுன்னா, அதைச் சாப்பிட்ட என் பொண்ணும் ஆகாதுதானே?"

சொல்லி முடித்ததும், இது என் குரல்தானா என்று எனக்கே தோன்றியது. அவர், வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. கல்யாணச் சாப்பாடு அவர்கள் பார்த்த ஆள்தான், அதில் மாற்றமில்லை. பெண் வீட்டு நலுங்குக்கு உங்கள் இஷ்டம். பாதியாவது கிடைத்ததே என்றாள் மகள். வெற்றிலை பாக்கோடு கேட்டரிங்காரம்மாவை அழைக்க நான் கிளம்பியபோது, மகனே காரை எடுத்து வந்து நிறுத்தினான்.

அதற்கு முன்னால் போனில் பெயரை மாற்ற வேண்டும் என்று மகள் உட்கார்ந்தாள். அவங்க பேர் என்னம்மா என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் அவர் பெயரை நான் கேட்டதே இல்லை. அழைக்கப் போன அன்றைக்கும் கேட்க வெட்கமாக இருந்தது.

நலுங்கு அன்றைக்கு அவர் முதல் தடவையாக என் அடுப்படியில் நின்று ஆக்கினார். சம்பந்தியம்மா வந்திருந்தார். அதிகம் பேசவில்லை, சாப்பிட்டார், பாயசம் மட்டும் இன்னொரு கரண்டி கேட்டார். எல்லாம் முடிந்து வேனில் பாத்திரம் ஏற்றும்போது நான் கிட்டப் போய் அவர் பெயரைக் கேட்டேன். கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். மகள் அங்கேயே நின்று போட்டாள், நான் எழுத்துக் கூட்டிச் சரி பார்த்தேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டு வரை போய்த் திரும்பினார்.

"போயிட்டு வரேன் ஆன்டி."

போயிட்டு வாம்மா என்றேன், அவர் பெயரையும் சேர்த்து.