குடித்தவன் சொல்லக் கூடாது

காலையில் டீக்கடைக்குப் போனால் இங்கே யாரும் எனக்கு வணக்கம் சொல்வதில்லை. "ஏனுங்க சார், இன்னிக்கு எத்தனாவது நாளுங்க?" என்று கேட்கிறார்கள். குடியை விட்டு எத்தனை நாள் என்று பொருள். நான் பதில் சொல்லும்வரை டீ ஆற்றுபவர், பஸ்ஸுக்கு நிற்பவர், மிளகு மூட்டையில் சாய்ந்திருப்பவர் எல்லோரும் காது கொடுக்கிறார்கள். லண்டனில் முப்பத்தெட்டு ஆண்டுகள் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் என் குப்பைத் தொட்டியில் காலிப் புட்டிகளைப் பார்த்துவிட்டு மழையைப் பற்றிப் பேசினார். அதை நாகரிகம் என்று நம்பினேன்.

லண்டன் தமிழர்களே, கொல்லிமலைக்கு ஏன் போனாய் என்று கேட்கிறீர்கள். குளிர் பழகிவிட்டது என்று சொல்லி வைத்தேன். பொய். மனைவி இறந்த பிறகு என் மகள் மீனா தன் வீட்டுக் கதவை எனக்குச் சாத்திவிட்டாள். கலைவிழாக்களில் தமிழின் பெருமையைப் பேசிவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் விஸ்கியோடு என்னைத் தழுவிக்கொண்ட நீங்கள், அதன் பிறகு என் போனை எடுக்கவில்லை. என்னைத் தெரியாத ஊர் வேண்டுமென்று மலைமேல் வாழவந்தி நாடு என்ற ஊரில் ஒரு வீடு பிடித்தேன். நான்கே மாதத்தில் ரோட்டோரம் விழுந்து கிடந்தேன். தூக்கி உட்காரவைத்த ஜீப் டிரைவர் பெரியசாமி, "நானும் இதே எடத்துல கெடந்தவந்தானுங்க. திங்கக்கெழம நம்ம கூட்டத்துக்கு வாங்க" என்றார்.

பள்ளிக்கூட வராந்தாவில் சாக்கு விரித்து, ஒரு சாக்குக்கு இருவராக, ஜோடி ஜோடியாகப் பத்துப் பன்னிரண்டு பேர். சிரிப்புதான் வந்தது. நான் இஸ்திரி போட்ட சட்டையில் எழுந்து, லண்டனில் குடியை விடுவோர் குழுவில் பழகியபடி, என் பெயரையும் நோயையும் சொல்லத் தொடங்கினேன். பெரியசாமி கையமர்த்தினார். "பேரெல்லாம் ஊருக்கே தெரியுமுங்க. உங்க ஊட்டுல இருந்து ஆரு வந்திருக்காங்க?"

"யாரும் இல்லை. குடித்தது நான். நானே சொல்கிறேன்."

அவர் மனைவி செல்லாயி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். "குடிச்சவருக்கு என்னங்க தெரியும்? இந்த மனுசனக் கேட்டா அண்டாவ வித்ததே எம்பொஞ்சாதிதான்னு சத்தியம் பண்ணுவாரு. பாத்தவங்கதான் சொல்லோணும். குடிச்சவரு கேக்கோணும்." பெரியசாமி தலையைக் குனிந்துகொண்டார். வீட்டார் சொல்வதும் குடித்தவர் கேட்பதும்தான் அவர்கள் வழக்கம்.

மரவள்ளி பிடுங்குபவர்களின் பஞ்சாயத்து என்று மனதுக்குள் ஏசிவிட்டு எழுந்து வந்தேன். லண்டனில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில், பிஸ்கட்டும் காபியுமாக, பதினொரு ஆண்டுகள் குடியை விட்டுக்கொண்டே இருந்தவன் நான். தன் கதையைத் தானே சொல்வதை அங்கே 'ஷேரிங்' என்பார்கள். என்னைப் போல் பேச அங்கே ஆள் கிடையாது. எட்டு வயது மீனாவைப் பள்ளியிலிருந்து கூட்டிவர மறந்துபோன கதைதான் என் தலைசிறந்த உருப்படி. மழையில் குடையின்றித் தனியே நடந்து வந்த சிறுமி என்று நான் இழுத்துச் சொல்லும்போது வெள்ளைக்காரிகள் கண்ணைத் துடைப்பார்கள். கைதட்டல் காதில் இருக்கும்போதே வீட்டுக்குப் போகும் வழியில் குடிப்பேன்.

அந்த வாரமும் குடித்தேன். செல்லாயியின் சிரிப்பு காதைவிட்டுப் போகவில்லை. பிறகு மீனாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: என்னிடம் பேச வேண்டாம், திங்கட்கிழமைக் கூட்டத்தில் என்னைப் பற்றி இவர்களிடம் பேசினால் போதும். இரண்டு வாரம் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தேன், பதில் இல்லை. மூன்றாவது திங்கட்கிழமை, கூட்ட நேரத்தில், அவளே அழைத்தாள். வராந்தாவின் கிழக்கு மூலையில் மட்டும்தான் சிக்னல். ஸ்பீக்கரில் போட்டேன். அவள் ஆங்கிலத்தில் பேச, நான் தமிழில் சொல்வதாக ஏற்பாடு.

அவள் அந்தப் பள்ளிக்கூட நாளைத்தான் எடுத்தாள். நான் மறக்கவில்லையாம். வந்தேனாம். வாசலில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் விழுந்து, கால்சட்டையை நனைத்துக்கொண்டு, அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேனாம். ஆசிரியை கேட்டபோது, இவர் யாரென்று தெரியாது என்று சொல்லிவிட்டு மழையில் தனியே நடந்தாளாம்.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். "நான் கூட்டிவர மறந்துவிட்டேன் என்கிறாள்" என்றேன்.

போனிலிருந்து அவளுடைய உடைந்த தமிழ் வந்தது. "பொய் சொல்றார். வராம இருந்தா பரவால்ல. அப்பா வந்தார்."

செல்லாயி என்னைத் தாண்டி போனை நோக்கிக் குனிந்தார். "நீயே சொல்லு கண்ணு. அவரு கெடக்கட்டும். எங்களுக்குப் பொறுமை இருக்குது சாமி."

மீனா சொன்னாள். தெரியாத சொல்லுக்குத் தடுமாறினாள். நான் எடுத்துக் கொடுக்கப் போனபோது பெரியசாமி என் முழங்காலை அழுத்திப் பிடித்தார். தமிழ் வகுப்புக்கு அவளை நான் அடித்து அனுப்பியிருக்கிறேன். அந்தத் தமிழ் இதற்குத்தான் பயன்பட்டது. முடித்ததும், "அடுத்த வாரம் இன்னொண்ணு இருக்கு" என்று செல்லாயியிடம் சொன்னாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று டீக்கடையில் முப்பத்தாறாவது நாள் என்றேன். திங்கட்கிழமைகளில் என் இடம் அந்தக் கிழக்கு மூலைதான். கூரை ஓடு அதற்குமேல் பாதிவரைதான் வருகிறது. என் சாக்கின் உலர்ந்த பாதியில் மீனா பேசும் போனை வைக்கிறார்கள். அதற்கும் செல்லாயி ஒரு டம்ளர் டீ வைக்கிறார். லண்டனில் அப்போது காலை. நான் மற்றப் பாதியில், சாரலில், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.