பாக்கெட்டில் சிரிக்கும் பெருமாயிக்குச் சர்க்கரை

மலைமேல் இருக்கும் அரியூர் நாட்டுப் பெருமாயியின் முகம் கோயம்புத்தூர்க் கடைகளில் அடுக்கடுக்காக இருக்கும். மலைச் சாமையை வாங்கிப் பாக்கெட் போட்டு விற்கும் ஒரு கம்பெனியின் ஆட்கள், விளைந்து நின்ற சாமைக்கு நடுவில் அவளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பல் தெரியச் சிரித்த படத்துக்குக் கீழே, ‘சர்க்கரை உள்ளவர்களுக்கு மலை தந்த வரம்’ என்று அச்சடித்தார்கள்.

அந்த வரத்தை அவள் வாயில் வைத்து வெகுநாள் ஆகியிருந்தது. விளைந்த சாமை முழுவதும் கம்பெனி வண்டியில் ஏறிவிடும். மற்ற நிலத்தில் ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் குச்சிக்கிழங்கு. வீட்டில் மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறுதான். சாமையைக் குத்திப் புடைப்பதற்குள் பொழுது போய்விடும். அரிசி என்றால் களைந்து போட்டால் தீர்ந்தது. வயலுக்கு நடப்பதும் நின்றுபோய், கணவன் மாதேஸ்வரனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனாள். நடுநடுவே சர்க்கரை தூக்கலாக டீ. ஐம்பதை நெருங்கும் உடம்பு அகலமானபோது, வசதி வந்துவிட்டது என்று ஊர் மெச்சியது. அவளுக்கும் அதில் சந்தோஷம்தான்.

போன தை மாதம் ஊரில் சர்க்கரைப் பரிசோதனை முகாம் போட்டார்கள். யாரும் கிட்டே வரவில்லை. அடிவாரத்திலிருந்து வந்திருந்த நர்ஸ் கோகிலவாணி, பாக்கெட்டில் பார்த்த முகத்தை அடையாளம் கண்டு கூப்பிட்டாள்.

“அக்கா, மொதல்ல நீங்க வாங்க. உங்களப் பாத்தாத்தான் மத்தவங்க வருவாங்க.”

“எனக்கு எதுக்குங் கண்ணு? மலைத்தண்ணி குடிக்கிற உடம்பு இது. சக்கரையெல்லாம் கீழ இருக்கறவங்களுக்கு வாரதுங்க” என்றபடியே பெருமாயி விரலை நீட்டினாள்.

மெஷின் இருநூற்றுத் தொண்ணூறு காட்டியது.

கோகிலவாணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தாகம் எடுக்கிறதா, அடிக்கடி ஒதுங்கப் போகிறாளா, கால் மரத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பெருமாயி, “பனிக்காலமுங்க” என்றாள்.

“ஊட்டுல வேற யாருக்காச்சும் இருந்துச்சுங்களா?”

“எங்கப்பனுக்குக் கால்ல புண்ணு ஆறாமயே உசுரு போச்சு. காத்து கருப்பு அடிச்சிருச்சுன்னு கோழி அறுத்தோமுங்க.”

“அது சக்கரையாத்தான் இருந்திருக்குமுங்க்கா. பெத்தவங்களுக்கு இருந்தா நமக்கும் வர வாய்ப்பு அதிகம். எடை கூடி, நடையும் கொறஞ்சா சீக்கிரமே வந்துரும். பத்துப் பெரியவங்கள்ல ஒருத்தருக்கு மேல இருக்குது. பாதிப் பேருக்கு அது தெரியறதே இல்ல. ஆஸ்பத்திரியில இன்னொருக்கா ரத்தம் குடுத்துப் பாத்துருங்க. சோத்தக் கொறச்சுட்டு சாமை சேத்துக்கோங்க. அத நான் உங்களுக்குச் சொல்லோணுங்களா?”

“ஊட்டுல ஒரு பிடி இல்லீங் கண்ணு” என்றாள் பெருமாயி.

வீட்டுக்கு வந்ததும் மெஷின் கோளாறு என்று சத்தம் போட்டாள். முகாம் பக்கமே தலை காட்டாத மாதேஸ்வரன், “பேட்டரி தீந்திருக்கும் புள்ள” என்று ஒத்து ஊதினான். ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. அப்பனின் கால் கண்ணிலேயே நின்றது. பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும். சொந்தக்காரர் வீட்டில் விசேஷம் என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறி, வளைவெல்லாம் இறங்கி, நாமக்கல்லுக்கே போனாள்.

ரத்தம் கொடுக்கும் வரிசையில் அவளுக்கு முன்னால் பக்கத்து வீட்டுக் கண்ணாயி நின்றிருந்தாள்.

“விசேஷத்துக்குப் போறேன்னியே?”

“நீ சீலை எடுக்கப் போறேன்னியே?”

கண்ணாயிக்கு முன்னால் ஊர் டீக்கடைக்காரர். அவருக்கும் முன்னால், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு மாதேஸ்வரன். மிளகு விற்க என்று விடிந்ததும் பைக்கில் கிளம்பியவன்.

“ஏனுங்க, மொளகு மூட்டை எங்கீங்க?”

“ஊட்டுலயே மறந்துட்டேன் புள்ள.”

அவனுக்கும் இருந்தது, அவளைவிடக் கூடுதலாகவே. பெருமாயிக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு ஏனோ நிம்மதியாக இருந்தது. மாத்திரைகளை வாங்கிக்கொண்டு, சேர்ந்து உட்கார்ந்து முதல்முறையாகச் சர்க்கரை இல்லாத டீ குடித்தார்கள். “இதுக்கு வெந்நித் தண்ணியே தேவல” என்றான் மாதேஸ்வரன்.

அடுத்த அறுவடைக்கு வண்டி வந்தபோது பெருமாயி பாதிச் சாமையை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டாள். கம்பெனிக்காரர் பதறினார்.

“டவுன்ல சக்கரைக்காரங்க எல்லாம் காத்துட்டு இருக்காங்கம்மா!”

“இங்கயும் காத்துட்டுத்தானுங்க இருக்கறோம்.”

மறுபடி ரத்தம் பார்த்தபோது இருவருக்கும் அளவு நன்றாகவே இறங்கியிருந்தது. மாத்திரையும் சாமையும்கூடப் பழகிவிட்டன. நடைதான் பெரும்பாடாக இருந்தது. சும்மா நடக்கிறேன் என்று மலையில் யாரிடம் சொல்வது? ஒரு சாயங்காலம் ரோட்டில் எதிரே வந்த கண்ணாயி, எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டாள்.

“ஆட்டக் காணோம். தேடிட்டுப் போறேன். நீ?”

“நானும் ஆட்டத்தான் தேடறேன்.”

கண்ணாயி வீட்டில் ஆடே கிடையாது. பெருமாயி அவளை ஒரு நிமிடம் பார்த்தாள்.

“உன்து என்ன நெறம்?”

கண்ணாயி கொஞ்சம் யோசித்தாள். “கறுப்பு.”

“அப்பிடின்னா மேட்டுப் பக்கந்தான் போயிருக்கும், வா” என்று பெருமாயி முன்னால் நடந்தாள்.